பாதியில் நின்ற பாட்டு

நான் ஒரு பாட்டுக் கச்சேரியைப் போலீஸில் சொல்லி நிறுத்தியவன். இதைப் படித்ததும் என்னை அறிந்த நேயர்கள் புருவத்தை உயர்த்துவார்கள். மார்கழி மாதத்தில் சபா வாசல்களில் டிக்கெட்டுக்காகத் தவம் கிடந்தவனா இப்படிச் செய்தான் என்று கேட்பார்கள். அவனேதான். நாற்பது வருஷங்களுக்கு மேலாக மனத்துக்குள் போட்டுப் பூட்டி வைத்திருந்த சமாசாரம் இது. முதலில் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்; பிறகு சரித்திரத்துக்குப் போகலாம்.

1981ஆம் வருஷம் நான் ராயபுரத்தில் ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். துறைமுகத்துச் சரக்குகளை விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜெண்டின் ஆபீஸில் குமாஸ்தா உத்தியோகம். பகலில் பில் எழுதுவேன். இரவில் கதை எழுதுவேன். இரண்டிலும் வருமானம் சொற்பந்தான். என் ஜன்னலுக்குக் கீழே ஒரு சந்து. அந்தச் சந்தில், துறைமுகத்தில் மூட்டை சுமந்து பிழைத்த ஒருவர் திடீரென்று காலமாகிவிட்டார். சாயங்காலமே சந்தை அடைத்துப் பந்தல் போட்டார்கள். இரவு பத்து மணிக்கு நாலைந்து பேர் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் மடியில் டோலக். இன்னொருவர் முன்னால் ஒரு குடம். ஒலிபெருக்கி வேறு. பாட்டு ஆரம்பமாயிற்று.

எனக்கோ மறுநாள் காலையில் ஒரு பத்திரிகையின் சிறுகதைப் போட்டிக்குக் கதையை முடித்து அனுப்பியாக வேண்டும். அது என்ன கதை என்கிறீர்களா? ஓர் ஏழைத் தொழிலாளியின் துயரத்தைப் பற்றிய கதை! அந்தத் துயரத்தை எழுதவிடாமல் கீழே இவர்கள் கத்துகிறார்களே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இரவு ஒரு மணிக்குப் பொறுமை போயிற்று. கீழே வீட்டுக்காரரிடம் டெலிபோன் இருந்தது. அவரும் தூக்கம் கெட்டுப் புரண்டு கொண்டிருந்தார். இரண்டு பேரும் கலந்து பேசினோம், பேசியவன் நான். அரை மணி நேரத்தில் சந்து முனையில் ஒரு ஜீப் வந்து நின்றது. ஒலிபெருக்கி அடங்கியது. டோலக்கும் அடங்கியது. நான் கதையை முடித்துவிட்டுப் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது.

காலையில் தேநீர்க் கடைக்காரர் சொன்னார்: "பாதியிலே நிறுத்திட்டாங்க சார். ஊர்லேர்ந்து வந்தாரு, ஆர்பர்ல வேலைக்குச் சேந்தாரு, அது வரைக்கும்தான் பாட்டு வந்துச்சு. கல்யாணம், புள்ள குட்டி, எதுவுமே வரலே. பாதி ஆளைத்தான் தூக்கினு போறோம்."

அவர் சொன்னது அப்போது எனக்குப் புரியவில்லை. பாட்டு என்றால் ராகம், தாளம், பல்லவி என்று தெரியும். ஒரு மனிதன் பாதி பாடப்படுவது, முழுதும் பாடப்படுவது என்று ஒரு கணக்கு உண்டு என்பது தெரியாது. அது புரிவதற்கு எனக்குப் பல வருஷங்கள் பிடித்தன. (அந்தக் கதைக்குப் பரிசு கிடைக்கவில்லை. நியாயந்தான்.)

அன்றிரவு நான் நிறுத்திய பாட்டுக்குக் கானா என்று பெயர். ஹிந்தியில் பாட்டைக் குறிக்கும் சொல்லே இப்படி வந்தது என்பார்கள் சிலர். நம்முடைய 'கானம்' தான் நீண்டுவிட்டது என்பார்கள் வேறு சிலர். துறைமுகப் பட்டணத்தில் சொற்களும் சரக்கைப் போலத்தான். எந்தக் கப்பலில் வந்து இறங்கியது என்று கண்டுபிடிப்பது சிரமம். பாட்டு வளர்ந்த இடத்தைப் பற்றி மட்டும் சந்தேகமில்லை. ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று நீளும் வட சென்னைதான் அதன் பிறந்தகம்.

இந்த நிலம் சங்கீதத்துக்குப் புதியதல்ல. தியாகையர் திருவொற்றியூருக்கு வந்து திரிபுரசுந்தரி அம்மன் பேரில் கீர்த்தனைகள் செய்தார். அவருடைய சீடர் வீணை குப்பையரின் மகன் திருவொற்றியூர் தியாகையர் என்றே புகழ் பெற்றார். ஆனால் அதே ஊரின் கடற்கரைக்கு அருகில்தான் பட்டினத்தாரின் சமாதியும் இருக்கிறது. செல்வத்தையெல்லாம் உதறிவிட்டு வந்த அந்தத் துறவி, தாயின் சிதைக்கு முன்னால் நின்று கதறிப் பாடியதை அறியாத தமிழர் இல்லை. துறவிக்கும் சாவு வீட்டில் பாட்டுத் தேவைப்பட்டது. பிறகு, தொண்டியை அடுத்த குணங்குடியிலிருந்து மஸ்தான் சாகிபு என்ற சூஃபி ஞானி ராயபுரம் பக்கம் வந்து தங்கினார். 1838ல் அவர் மறைந்தார். தொண்டியார் இருந்த பேட்டைதான் தண்டையார்பேட்டை ஆயிற்று என்று சொல்வதுண்டு. உடம்பு நிலையாது, காசு நிலையாது, ஜாதி நிலையாது என்று பாடிய இந்தச் சித்தர்களின் குரலைக் கானாவில் இன்றும் கேட்கலாம். எழுத்து வாசனையே அறியாத பாடகர்கூட, 'இந்த உடம்பு ஓர் ஓட்டை வீடு' என்ற பொருளில் இரண்டடி பாடாமல் எழுந்திருக்க மாட்டார்.

சித்தர்கள் கொடுத்தது தத்துவம். தாளம் கொடுத்தது வேலை. துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்னால் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும்; அலைகளைக் கடந்து சரக்கையும் மனிதர்களையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். படகோட்டிகள் பாடிக் கொண்டே துடுப்புப் போட்டதை ஐரோப்பியப் பிரயாணிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். மீனவர்கள் வலை இழுக்கும்போது பாடுவது அம்பாப் பாட்டு. ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் இழுத்துக் கொண்டே வாங்கிச் சொல்வார்கள். 1856ல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓட ஆரம்பித்தது. 1875ல் துறைமுகத்துக்கு அஸ்திவாரம் போட்டார்கள், 1881ல் புயல் அதை உடைத்தது, மறுபடி கட்டினார்கள். 1876ல் பக்கிங்ஹாம் மில் வந்தது. இவற்றுக்கெல்லாம் கைகள் வேண்டுமே! செங்கற்பட்டு, வட ஆர்க்காடு ஜில்லாக் கிராமங்களிலிருந்து, பெரும்பாலும் சேரிகளிலிருந்து, ஜனங்கள் வந்தார்கள். நிலமும் இல்லை, பட்டாவும் இல்லை. குலதெய்வத்தைக்கூட ஊரிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள் பலர். கூடவே கொண்டு வர முடிந்தது பாட்டு ஒன்றுதான்.

இந்த இடத்தில் நேயர்கள் ஒரு விஷயத்தை யோசித்துப் பார்க்க வேண்டும். நம் வீட்டில் ஒருவர் இறந்தால் அவரைப் பற்றிய ஆதாரங்கள் எத்தனை! பள்ளிக்கூட சர்ட்டிபிகேட், கல்யாணப் பத்திரிகை, வீட்டுப் பத்திரம், பென்ஷன் காகிதம், பத்திரிகையில் படத்தோடு கண்ணீர் அஞ்சலி. மூட்டை சுமந்தவருக்கு இவற்றில் எது இருந்தது? கானாப் பாடகர் சாவு வீட்டுக்கு வந்ததும் முதலில் பாடுவதில்லை, விசாரிக்கிறார். பெயர் என்ன, எந்த ஊர், என்ன வேலை, பிள்ளைகள் எத்தனை, யாரோடு சண்டை, யார் மேல் உயிர் என்று கேட்டுக் கொள்கிறார். பிறகு பழகிய மெட்டுகளில் அந்த விவரங்களைக் கோத்து, பிறந்தது முதல் இறந்தது வரை, விடிய விடியப் பாடுகிறார். அழுகிறவர்கள் நடுவே சிரிக்கிறார்கள். சிரிக்கிறவர்கள் மறுபடி அழுகிறார்கள். இறந்தவருடைய ஜீவிய சரித்திரம் எழுதப்பட்டு, வாசிக்கப்பட்டு, விடிந்ததும் அவரோடு போய்விடுகிறது. ஒரே பிரதி, ஒரே இரவுப் பதிப்பு. அதைத்தான் நான் பாதியில் கிழித்தேன்.

இந்தப் பாட்டு சந்தை விட்டு வெளியே போனது நம் காலத்தில்தான் என்று நினைக்க வேண்டாம். நூறு வருஷங்களுக்கு முன்பே அது காகிதத்தில் ஏறிவிட்டது. சென்னையில் குஜிலிக் கடைத்தெரு என்று ஒன்று இருந்தது. அங்கே காலணா, அரையணா விலையில் சின்னச் சின்னப் பாட்டுப் புத்தகங்கள் விற்றார்கள். ரயில் கவிழ்ந்ததா? ஒரு பாட்டு. புயலா, வெள்ளமா, கொலை வழக்கா? உடனே ஒரு பாட்டு. மட்டமான காகிதம், மங்கலான அச்சு. தெருமுனையில் ஒருவர் பாடிக் காட்டி விற்பார். வாங்கியவர் வீட்டுக்குக் கொண்டு போய்ப் பாடுவார். படித்தவர்கள் இவற்றைத் தொட்டுப் பார்க்கவும் கூசினார்கள். ஆராய்ச்சியாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி இவற்றைத் தேடித் தொகுத்து ஆராய்ந்து 'முச்சந்தி இலக்கியம்' என்று 2004ல் புத்தகமாக்கிய பிறகுதான் இப்படி ஓர் இலக்கியம் இருந்தது என்று நம்மில் பலருக்குத் தெரிந்தது.

காகிதத்தில் ஏறியதால் பாட்டுக்கு என்ன லாபம்? தூரம் போயிற்று, எழுதியவரின் பெயர் அட்டையில் நின்றது. என்ன நஷ்டம்? ஊரறிந்த கொலைக்கும் ஊரறிந்த விபத்துக்கும்தான் புத்தகம் உண்டு. ஊரறியாமல் இறந்தவனுக்கு அச்சில் இடம் கிடைக்கவில்லை.

அடுத்தபடியாகச் சினிமா வந்து கூப்பிட்டது. தேவாவின் இசையில் கானா மெட்டுகள் 1990களில் தமிழ்நாடு முழுவதும் ஒலித்தன. 2006ல் 'சித்திரம் பேசுதடி' படத்தில் கானா உலகநாதன் தாமே தோன்றிப் பாடினார். 2012ல் 'அட்டகத்தி' படத்தின் மூலம் கானா பாலாவின் குரல் வீடு தோறும் புகுந்தது. எல்லாம் சந்தோஷந்தான். கல்யாண ரிசப்ஷன்களில், என்னைப் போல் ஒரு காலத்தில் போலீஸைக் கூப்பிட்டவர்களும் அந்தப் பாட்டுகளுக்குத் தலையாட்டினார்கள். ஆனால் சினிமாவுக்கு வேண்டியது கானாவின் துள்ளல். சாவு வீட்டுப் பந்தலையும் இறந்தவனின் பெயரையும் அது வாசலிலேயே விட்டுவிட்டது.

பிறகு வந்தது செல்போன். கானாப் பாடகர்களுக்கு இது ஒரு புதிய குஜிலிக் கடை. ஸ்டூடியோவும் வேண்டாம், தயாரிப்பாளரும் வேண்டாம். மொட்டை மாடியில் நின்று பாடி யூடியூபில் ஏற்றினால், சாயங்காலத்துக்குள் சிங்கப்பூரில் கேட்கிறார்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு ஓடிக் கொண்டே இருப்பதால், அந்தக் கணக்குக்காகவே சில மட்டமான பாட்டுகளும் வந்தன. பெண்களை இழிவு செய்யும் பாட்டுகளும் வந்தன. அதை மறைத்துப் பிரயோஜனமில்லை. குஜிலிப் புத்தகங்களிலும் அப்படிப்பட்டவை இருந்தன.

ஆனால் அதே திரையில் நல்ல காரியங்களும் நடந்தன. 2017 ஜனவரியில் எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றி ஒரு பாட்டு வெளியாயிற்று. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடம் அது. அனல் மின் நிலையங்களின் சாம்பல் படிந்து, ஆழம் குறைந்து, மீனவர்களின் பிழைப்பில் மண் விழுந்த இடம். எல்லாருக்கும் பொதுவான நிலத்தைக் குறிக்கும் 'புறம்போக்கு' என்ற சொல்லை நாம் வசைச் சொல்லாக்கிவிட்டோம். அந்தச் சொல்லையே எடுத்துக் கொண்டு கபேர் வாசுகி சென்னைப் பேச்சுத் தமிழில் எழுத, ஆர். கே. ஸ்ரீராம்குமார் ராகங்களில் அமைக்க, கர்நாடக சங்கீத வித்வான் டி. எம். கிருஷ்ணா பாடினார். இது கானா அல்ல. ஆனால் சாவு வீட்டுக் கானா ஒரு மனிதனுக்குச் செய்வதை இது ஓர் ஆற்றுக்குச் செய்தது. பாட்டு வெளியாகிச் சுமார் இரண்டு வாரத்தில், ஜனவரி 28ஆம் தேதி, எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையெல்லாம் தார் போலப் படிந்த அந்த எண்ணெயை ஆட்கள் வாளியால் அள்ளினார்கள்.

2018 ஜனவரியில் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழுவை மேடை ஏற்றினார்கள். அயோத்திதாச பண்டிதரின் 'ஜாதி பேதமற்ற' என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. கானாப் பாடகர்கள் மேடையில் நின்று, தங்கள் சாவுக்கு மட்டுமல்ல, தங்கள் உரிமைக்கும் பாடினார்கள்.

இப்படி இருக்கையில் 2020 வந்தது. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. சென்னையின் மண்டலங்களிலே ராயபுரத்தில்தான் தொற்று மிக அதிகம் என்று மே மாதத்துப் பத்திரிகைகள் தினமும் எழுதின. சாவுக்கு இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று உத்தரவு. சாவு வீட்டில் ஜனம் கூடுவதையே உயிராகக் கொண்ட பாட்டின் கதி என்ன ஆகும்?

அந்த ஜூன் மாதத்தில் ஒரு நாள் எனக்கு ஒரு தகவல் வந்தது. அனுப்பியவர் என் புத்தகங்களைத் தைக்கும் பைண்டர். அவருக்கும் எனக்கும் இருபது வருஷப் பழக்கம். அவர்தான் 1981ல் அந்தச் சந்தில் தகப்பனைப் பறிகொடுத்த பத்து வயதுப் பையன் என்பது பழகிச் சில வருஷங்கள் கழித்து எனக்குத் தெரிய வந்தது. டெலிபோன் செய்தவன் நான்தான் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. "சார், அம்மா தவறிட்டாங்க. நாளைக்குப் பதினாறாம் நாள். செல்போன்ல கானா வெச்சிருக்கோம். நீங்களும் கலந்துக்கணும்" என்று எழுதியிருந்தார்.

அன்று இரவு என் மேஜை மேல் செல்போனை நிறுத்தி வைத்துக் கொண்டு உட்கார்ந்தேன். சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள். திருவொற்றியூரில் ஒரு வீட்டில் அம்மாளின் படம், மாலை, விளக்கு. துபாயிலிருந்து ஒரு பேரன். ஆளுக்கொரு வீட்டில் அடைபட்டிருந்த பாடகர்கள். இதில் ஒரு சங்கடம் உண்டு. ஒருவர் பாடுவது இன்னொருவர் காதில் விழ ஒரு விநாடி தாமதமாகிறது. ஆகவே ஒரு வீட்டுப் பாட்டுக்கு இன்னொரு வீட்டிலிருந்து டோலக் வாசித்தால் தாளம் சேராது. முதலில் முயன்றார்கள், ஒரே குழப்பம். பிறகு டோலக்கைக் கீழே வைத்துவிட்டு, ஒருவர் முடித்த பிறகு ஒருவராக, வெறுங் குரலில் பாடினார்கள். கை தட்டல் இல்லை, குடம் இல்லை, நடுவில் வந்து சேரும் தேநீர் இல்லை. அழுகிறவளைத் தோளில் சாய்த்துக் கொள்ளப் பக்கத்தில் ஆள் இல்லை. 'இது என்ன கச்சேரி?' என்றுதான் முதல் கால் மணி நேரம் எனக்குத் தோன்றியது.

வயதான ஒரு பாடகரின் முறை வந்தது. அந்த அம்மாளின் கல்யாணத்தில் ஆரம்பித்தார். புருஷனின் பெயரைச் சொன்னார். துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்ததைச் சொன்னார். அதற்கு மேல் கொஞ்சம் நிறுத்தி, பாட்டாக அல்லாமல் பேச்சாகவே, "இதோட அன்னிக்கு நிறுத்தினாங்கோ. மிச்சத்தை இன்னிக்குப் பாடிடறேன்" என்றார். எனக்கு மூச்சு நின்றுவிட்டது. 1981ல் அந்தப் பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களில் அவரும் ஒருவர்!

அவர் பாடினார். புருஷன் வாங்கி வந்த முதல் சேலை. பெண் குழந்தை ஒன்று தவறியது. பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாள். கூலி உயர்வுக்காக வேலைக்குப் போகாமல் இருந்த நாட்கள். கடைசியாக ஒரு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்தது. முப்பத்தொன்பது வருஷம் பாதியாகக் கிடந்த மனிதர் முழு மனிதரானார். அப்புறம்தான் அந்த அம்மாளின் கதை தொடர்ந்தது. திரையிலிருந்த முகங்கள் எல்லாம் அழுதன. என் முகத்தையும் அவர்கள் பார்த்திருப்பார்கள். உறவு முறையில் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

அதே 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை' என்ற விழாவைத் தொடங்கியது. கானாவும் பறையும் ஒப்பாரியும் மார்கழிக் கச்சேரி மேடைக்கு வந்தன. அதற்குப் பிறகு அந்த விழா வருஷந்தோறும் பேசப்படுவதாயிற்று. கௌரவம் வர வேண்டியதுதான், தாமதமாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் என்னை யாராவது இந்தச் சங்கீதத்தின் இருதயம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், அந்த ஜூன் மாத இரவைத்தான் காட்டுவேன். காகிதம், சினிமா, செல்போன் என்று அது எதில் ஏறினாலும் ஏதோ ஒன்றைக் கீழே போட்டுவிட்டுத்தான் ஏறியிருக்கிறது. அன்றைக்குத் தாளத்தையே போட்டுவிட்டு ஏறியது. இருந்தும், யாருக்காகப் பாடுகிறோமோ அவருடைய பெயரைப் போடவில்லை. லட்சம் பேர் பார்க்கும் பாட்டில் அந்தப் பெயருக்கு இடம் இருக்குமா என்பதுதான் என் கவலை. நாற்பது பேர் பார்த்த அந்தக் கச்சேரியில் இடம் இருந்தது.

மறுநாள் பைண்டர் டெலிபோனில் கூப்பிட்டார். "சார், சத்தம் விட்டு விட்டு வந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்லை, முழுக்கக் கேட்டேன்" என்றேன். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை.

இந்தக் கட்டுரை ஒரு நாள் புத்தகமாகும். அப்போது பாரங்களை மடித்து, ஊசியில் நூல் கோத்து, இந்தப் பக்கத்தையும் அவர்தான் தைப்பார். தைக்கிறவர்கள் பொதுவாகப் படிப்பதில்லை என்பார்கள். இவர் படிக்கிறவர். படிக்கட்டும்.